தொண்டையில் தொடங்கி வால்வில் முடிந்த நோய்

பார்த்தால் தொண்டை வலிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்தது என்றால், சில பிள்ளைகளுக்கு அது வாரங்களில் மூட்டுவீக்கக் காய்ச்சலாகி, பின்னாளில் இதய வால்வையே சுருக்கிவிடும்.

அப்படிச் சுருங்கிய வால்வுகளோடு வந்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குவிந்தார்கள். 1949இல் ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். 1956 முதல் 1980 வரை 3,724 பேருக்கு, துடிக்கும் இதயத்திலேயே மைட்ரல் வால்வை விரித்துவிட்டார்கள். ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் அதை ஆய்வுக் கட்டுரையாக்கினர். மகத்தான உழைப்பு!

வேதனை என்னவென்றால், தடுக்கும் வழி முன்பே தெரிந்திருந்தது. தொண்டைப் புண்ணுக்கு உடனே பெனிசிலின் கொடுத்தால் இந்தக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று அமெரிக்க ராணுவ முகாமொன்றில் சார்லஸ் ராமெல்காம்ப் குழு 1950இல் காட்டிவிட்டது. காய்ச்சல் ஒருமுறை கண்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கொரு பென்சத்தீன் பெனிசிலின் ஊசி இன்றும் தொடர்கிறது.