விடுதிச் சாப்பாடும் முதல் மந்திரியும்

மக்கள் இயக்கம் என்றதும் நம் எழுத்தாளர்களில் பலருக்குக் குரல் தழைந்துவிடுகிறது. கட்சி என்றால் அழுக்கு, இயக்கம் என்றால் சுத்தம் என்ற பாகுபாட்டைப் பரிசீலிக்காமலே வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. குஜராத்தின் நவநிர்மாண் இயக்கத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க அது வலுக்கிறது.

1973 டிசம்பரில் ஆமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் உயர்ந்தது. மாணவர்கள் கிளர்ந்தார்கள். குறை நிஜமானது, தானியமும் எண்ணெயும் எட்டாத விலையில் இருந்தன. ஜனவரியில் ஆசிரியர்களும் மத்தியதர வர்க்கமும் சேர்ந்துகொண்டார்கள். தாங்கள் எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்றே மாணவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

சில வாரங்களுக்குள் விலைவாசி, பதுக்கல், ஊழல் எல்லாம் சுருங்கி ஒரே பெயராயின: முதல் மந்திரி சிமன்பாய் படேல். அவர் திருடர் என்பதே கோஷம். 1974 பிப்ரவரி 9 அன்று அவர் ராஜினாமா செய்தார். அதோடு நிற்கவில்லை. சட்டசபை உறுப்பினர்களை நெருக்கி ராஜினாமாக் கடிதங்கள் வாங்கப்பட்டன. மொரார்ஜி தேசாய் உண்ணாவிரதம் இருந்தார். 1972ல் 168 இடங்களில் 140ஐக் காங்கிரஸ் வென்றிருந்த சபை, மார்ச்சில் கலைந்தது. இதற்குள் ஏறக்குறைய நூறு பேர் இறந்திருந்தார்கள். தமக்கு வழி தெரிந்தது குஜராத்தில்தான் என்றார் ஜெயப்பிரகாஷ் நாராயண்.

பிறகு நடந்ததை இயக்கத்தின் புகழ் பாடுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. 1975 ஜூன் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் ஜனதா முன்னணிக்கு 182ல் 86 இடங்கள். பெரும்பான்மைக்கு ஆறு குறைவு. அதை ஈடுகட்டியவர்கள், காங்கிரஸுக்கு வெளியே தனிக்கட்சி துவக்கியிருந்த சிமன்பாயின் 12 பேர். அந்த ஆதரவில் பாபுபாய் படேல் மந்திரிசபை அமைந்தது. 1990ல், ஜனதா தளத்தின் சார்பில், சிமன்பாயே மறுபடி முதல் மந்திரியானார்.

துரோகம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நான் பாங்கில் கணக்கு எழுதுகிறவன். தொகை எந்தப் பெயருக்கு மாற்றப்பட்டது என்று பார்ப்பது பழக்கம். இங்கே மாற்றப்பட்டது விரோதம். சிமன்பாய் பேரில் இருந்தது இந்திரா காந்தி பேருக்குப் போயிற்று. மாறிய அன்றே பழைய விரோதி கூட்டாளியாகிவிட்டார். குறைக்கு உள்ளடக்கம் உண்டு: எண்ணெய் என்ன விலை, தானியம் யார் கிடங்கில் என்று அது கேட்கும். விரோதத்துக்கு ஒரு விலாசம் போதும். கட்சிகள் இரண்டாவதைத்தான் சுவீகரித்தன, ஏனென்றால் அதற்குத் திட்டம் ஒன்றும் தேவையில்லை.

இயக்கம் இல்லாவிட்டால் அதிகாரத்துக்குப் பயமே இராது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த பயம் ஒரு லாபம்தான். ஆனால் கட்சியை அடுத்த தேர்தலில் தண்டிக்கலாம். கலைந்துபோன இயக்கத்தை எங்கே தேடுவது? 1975 ஜூனில், புதிய மந்திரிசபைக்கு யார் ஆதரவு என்று பத்திரிகையில் படித்தபோது, இறந்த நூறு பேரின் வீட்டார் யார் வாசலில் போய்க் கேட்டிருக்க முடியும்?