ஆற்றோரக் கோபுரத்தில் மீன் எண்ணும் பணி

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், பிரிஸ்டல் குடாவில் கலக்கும் ஆறுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் கோடைகாலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிடத் திரும்புகின்றன. கரடிகள் உலவும் அந்த ஆற்றோரங்களில் பல இடங்களுக்கு வீதிகள் இல்லை. மாநில மீன், வேட்டை விலங்குத் திணைக்களத்தின் பருவகால உதவியாளர்கள் சிறு விமானத்திலோ படகிலோ சென்று முகாமிடுகின்றனர். இது தொடக்கநிலைக் களப்பணியாகும்.

தெளிந்த நீரோடும் ஆறுகளில் இரு கரைகளிலும் கோபுரங்கள் அமைக்கப்படும். முறைவைத்து இரவு பகலாக, மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கரையிலும் 10 நிமிடங்கள் மீன்களை எண்ணுவர். கிடைக்கும் தொகையை 6 ஆல் பெருக்கினால் அந்த மணித்தியாலக் கணக்கு வரும். சில மீன்களைப் பிடித்து அளந்து, செதிலும் எடுப்பர். செதிலின் வளையங்கள் மீனின் வயதைச் சொல்லும்.

முட்டையிடப் போதிய மீன்கள் ஆறேறுகின்றனவா என்பதைப் பார்த்தே கடலில் வலைவிடும் நேரம் தீர்மானிக்கப்படுகிறது. குறைந்தால் தொழில் கட்டுப்படுத்தப்படும்.

ஆகவே, கோபுரத்தில் தவறவிடும் 1 மீன் கணக்கில் 6 மீன்களாகக் குறையும். குறைத்து எண்ணினால் கடற்றொழிலாளரின் இன்றைய உழைப்பும், கூட்டி எண்ணினால் அவரது பிள்ளைகளுக்குரிய மீனும் பறிபோகலாம்.