ஹார்லெம் என்றொரு தீவு

நயினாதீவுக்குப் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. சிங்களவருக்கு அது நாகதீப. மணிமேகலை சொல்லும் மணிபல்லவமும் இதுவே என்று வாதிடுவோர் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம். டெல்ஃப்ட் இன்றும் அரச ஆவணங்களில் நிலைத்திருக்கிறது. ஹார்லெம் என்று, நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் சொன்னால் படகுக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

அதே 1658இல் மான்ஹட்டன் தீவிலும் ஒல்லாந்தர் ஒரு புதிய ஹார்லெமை நிறுவினார்கள். அங்கே பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அதன் வடகோடியில் போலோ கிரவுண்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்போல் மைதானமும் எழுந்தது. தாய் ஊரான நெதர்லாந்து ஹார்லெமோ 1961 முதல் சர்வதேச பேஸ்போல் வாரம் நடத்திவரும் ஊர். அங்கே இந்த ஆட்டத்தின் பெயர் ஹொங்க்பல். ‘ஹொங்க்’ என்றால், ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் பிடிபடாமல் நிற்கும் புகலிடம். வீடு என்ற பொருளும் அதற்கு உண்டு.

ஆட்டத்தின் கணக்கு முழுவதும் அந்தப் புகலிடத்தில்தான் இருக்கிறது. துடுப்பாட்டத்தில் நான்கு என்றால் நான்கு. எல்லைக்கோட்டைப் பந்து தொட்டதும் ஓடாமலே ஓட்டம் வந்துவிடும். ஹொங்க்பலில் அடித்துவிட்டு முதல் தளம்வரை ஓடி நிற்பவருக்கு இன்னும் ஓட்டமே இல்லை. பின்னால் வருபவர் அடித்து அவரை வீடு சேர்க்க வேண்டும். அப்படியானால் அவரை அங்கே நிறுத்திய அந்த ஓரடியின் மதிப்பு என்ன?

கனடாவின் பாதுகாப்பு ஆய்வாளர் ஜார்ஜ் லிண்ட்சி 1963இல் இதற்கு விடை தந்தார். அவருடைய தந்தை நூற்றுக்கணக்கான ஆட்டங்களை நிகழ்வுக்கு நிகழ்வு எழுதிவைத்திருந்தார். எந்தத் தளங்களில் ஆள் நிற்கிறது, எத்தனை பேர் ஆட்டமிழந்தார்கள் என்று பிரித்தால் 24 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் சராசரியாக எத்தனை ஓட்டம் வரும் என்று கண்டு, அடிக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை எடுத்தார். ஒருதள அடிக்கு 0.41 ஓட்டம், இருதள அடிக்கு 0.82, மூன்றுதள அடிக்கு 1.06, ஹோம் ரன்னுக்கு 1.42. நான்கு தளம் கடத்தும் அடிக்கு ஒருதள அடியைப்போல் நான்கு மடங்கு மதிப்பு என்ற பழைய எண்ணம் இதில் அடிபட்டுப்போயிற்று. சுமார் மூன்றரை மடங்குதான். 1984இல் பீட் பால்மரும் ஜான் தோர்னும் எழுதிய நூல் இந்த முறையை இரசிகர்களிடம் கொண்டுபோனது.

மூன்றாவது ஹார்லெமான நயினாதீவுக்கு பேஸ்போல் வரவில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. நம் நாட்டு எல்லே அதற்குப் பங்காளி. மூங்கில் தடியால் அடித்துவிட்டு ஓடுபவர் வழியிலுள்ள நிறுத்தங்களில் நிற்கலாம். ஆனால் சுற்றை முடித்தால்தான் ஓட்டம். லிண்ட்சியின் கணக்கு துடுப்பாட்டத்தைவிட எல்லேக்கே நன்றாகப் பொருந்தும். குறை ஒன்றுதான்: மொத்த ஓட்டத்தை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

ஆகவே எல்லே ஆடும் வடக்குப் பாடசாலைகளும் கழகங்களும், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் யார் எந்த நிறுத்தத்தில் நின்றார் என்பதையும் ஒரு கொப்பியில் குறித்துவைக்க வேண்டும்.