பல கைகள் சேர்ந்து எழுப்பிய களஞ்சியம்: தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வரலாறு

உலகத்து அறிவையெல்லாம் தமிழில் தொகுத்துவைக்க வேண்டும் என்ற ஆசை நம் கழகத்திற்கு முந்தியது. 1902-இல் யாழ்ப்பாணத்து அறிஞர் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். 1910-இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே அச்சேறியது. பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, பல ஆண்டுகள் தனி ஒருவராக உழைத்து அவர் தொகுத்த நூல் அது. புராணமும் இலக்கியமும் ஒருவர் தலைக்குள் அடங்கலாம். அணுவியலும் அறுவை மருத்துவமும் அடங்குமா? ஓர் அறிஞரின் தவத்தால் இனி முடியாது, பலர் கூடியே ஆகவேண்டும் என்ற உண்மையை அடுத்த தலைமுறை உணர்ந்தது.

அவ்வாறு கூடியபோது வாதங்களும் எழுந்தன. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சென்னையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938-இல் ‘கலைச்சொற்கள்’ நூல் வந்தது. வடசொல்லை ஆள்வதா, ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுப்பதா, தமிழிலேயே ஆக்குவதா என்று அறிஞர்கள் கடுமையாகவே மோதினர். துறை வல்லுநர் சொல்வதே முடிவா, தமிழறிஞர் ஏற்பதே முடிவா என்ற கேள்வி அதன் அடியில் கிடந்தது. அந்த இருபது ஆண்டு வாதம் வீண்போகவில்லை. பின்னால் வந்த நம் முன்னோர் அதன் பயனைக் கைக்கொண்டே வேலையைத் தொடங்கினர்.

1946-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்ற தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருப்பூரில் பிறந்த காந்தியவாதி. 1930-இலேயே கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தோற்றுவித்தவர். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே பயிற்று மொழியாக வேண்டும் என்று பாடுபட்டவருக்கு, பள்ளிப் பாடநூலுக்கு அப்பால் மாணவன் எதைப் படிப்பான் என்ற கவலை இருந்தது. புத்தகம் வந்தபின் தமிழில் கற்பிப்பதா, கற்பிக்கத் தொடங்கினால் புத்தகம் தானே வருமா என்று அக்காலத்தில் மேடைதோறும் பேசினார்கள். நம் நிறுவனர் பேச்சில் காலம் கழிக்காமல் கலைக்களஞ்சியத் திட்டத்தை முன்வைத்தார். 1949-இல் அமைச்சர் பதவி போயிற்று. கழகப் பணியை அவர் விடவில்லை.

தலைமைப் பதிப்பாசிரியராக அவர் அழைத்து வந்தவர், தம் வித்யாலயத்திலேயே ஆசிரியராக இருந்த ம. ப. பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர், கவிஞர், இன்றும் கச்சேரிகளில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர். அத்தகைய ஒருவர் 1948-இல் சென்னைக்கு வந்து, தம் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆண்டுகளைப் பிறர் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவதில் செலவிட்டார். இதைவிடப் பெரிய தியாகம் ஒரு படைப்பாளிக்கு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் தலைப்புகளைத் தீர்மானிக்க வேண்டும். துறைவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உரியவரைத் தேடி எழுதச் செய்ய வேண்டும். அன்றைய பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்திலேயே கற்பித்தவர்கள். அவர்களுடைய அறிவு தமிழ் நடைக்கு வரும்வரை பதிப்புக்குழு அதனோடு போராடியது. இதில் அகரவரிசை என்ற கண்டிப்பு வேறு. ‘அணு’வை எழுத வேண்டியவர் காலம் தாழ்த்தினால் ‘அக்பர்’ தயாராக இருந்தும் பயனில்லை, தொகுதியே நின்றுவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்களை இந்த ஒரே வரிசைக்குள் நிறுத்தி வேலை வாங்கியது தூரன் அவர்களின் பொறுமை.

முதல் தொகுதி 1954-இலும் ஒன்பதாம் தொகுதி 1963-இலும் வெளிவந்தன. பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968-இல் வந்தது. விடுதலைக்குப் பின் இந்திய மொழிகளில் நிறைவு கண்ட முதற் பெருங்கலைக்களஞ்சியம் நம்முடையதே. அரசின் உதவியும் வள்ளல்களின் நன்கொடையும் இதற்குத் துணைநின்றன. அவற்றைத் திரட்ட நிறுவனர் ஏறி இறங்கிய படிகள் பல. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப் படிப்பு தொடங்கியபோது, ‘தமிழில் நூல் எங்கே?’ என்று கேட்டவர்களுக்குக் காட்டக் களஞ்சியத்தின் பல தொகுதிகள் இருந்தன. மேடை வாதத்துக்கு நம் முன்னோர் தந்த விடை அதுதான்.

1968-இல் தூரன் அவர்களுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அவர் ஓய்வை நாடவில்லை. அதே ஆண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. 1976-க்குள் பத்துத் தொகுதிகளும் முடிந்தன. அறிஞர்களிடம் பெற்றதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி, படங்களோடு மறுபடியும் எழுதுவது முன்னதைவிடக் கடினமான வேலை. அதையும் அவரே முன்னின்று செய்தார்.

1981-இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியலுக்கும் வாழ்வியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்களை வெளியிட்டது. நம் கழகம் போட்ட பாதை அதற்கு முன்னே இருந்தது. 1987-இல் தூரன் அவர்களும் 1991-இல் நிறுவனரும் மறைந்தனர். பின்னர் வா. செ. குழந்தைசாமி அவர்களின் தலைமையில் கழகம் மருத்துவக் களஞ்சியத்தையும் சித்த மருத்துவக் களஞ்சியத்தையும் தமிழுக்குத் தந்தது.

அன்று கட்டுரை எழுதியவர்களுள் பலரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர்கள் எழுதியவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், கட்டணமின்றி, உலகத் தமிழர் அனைவருக்கும் கிடைக்கின்றன. இம்மலரைப் படிக்கும் மருத்துவர்களும் பொறியாளர்களும் பேராசிரியர்களும் தத்தம் துறையின் பழைய கட்டுரை ஒன்றை அங்கே எடுத்துப் படியுங்கள். அதற்குப் பின் உங்கள் துறையில் தெரியவந்தவற்றைத் தமிழில் எழுதி நம் கழகத்துக்கு அனுப்பி உதவுங்கள்.