மானிப்பாயில் தமிழில் படித்த பிசியாலஜி

பிசியாலஜிக்குத் தமிழ்ல என்ன சொல்லுவீங்க? உடலியல், உடலியங்கியல், உடற்செயலியல் என்று நம்ம பக்கம் மூணு நாலு சொல் புழங்குது. இலங்கையில் உடற்றொழிலியல். ஆனா இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1850களிலேயே ஒரு சொல் அச்சில் வந்துடுச்சு. சுகரணம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னாடி ஒரு மருத்துவப் பள்ளியே இருந்தது. இன்றைய இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

சாமுவேல் பிஸ்க் கிரீன். 1822ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் ஊரில் பிறந்தவர். நியூயார்க்கில் 'காலேஜ் ஆப் பிசிசியன்ஸ் அண்ட் சர்ஜன்ஸ்' கல்லூரியில் 1845ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1847ல், 25 வயசில், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அடுத்த வருஷமே மானிப்பாயில் வைத்தியசாலை. கூடவே சில பையன்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பிச்சுட்டார்.

முதல்ல பாடம் ஆங்கிலத்தில்தான். சிக்கல் எங்கே வந்ததுன்னா, ஆங்கிலத்தில் படிச்ச பையன் சம்பளமும் மரியாதையும் எங்கே கிடைக்குமோ அங்கே போயிடுவான். கிராமம் கிராமமாகவே இருக்கும். (இந்த வரியை எழுதும்போது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் கண் முன்னாடி வந்து போறதைத் தடுக்க முடியல.) கிரீன் எடுத்த முடிவு, மருத்துவத்தை முழுசாகத் தமிழில் கற்பிப்பது. தமிழில் படிச்சவன் தமிழ் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் கோட்டும் தொப்பியுமா மாறுவதையும் அவர் விரும்பல.

சரி, தமிழில் கற்பிக்கணும்னா புத்தகம் வேணுமே?

இங்கேதான் எனக்கு மலைப்பு. முதல்ல, கால்வின் கட்டர் என்பவர் உடற்கூறு, உடலியல், சுகாதாரம் மூணையும் சேர்த்து எழுதிய பள்ளிப் புத்தகம். தமிழில் அதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க! அங்காதிபாதம்னா அனாடமி, சுகரணம்னா பிசியாலஜி, உற்பாலனம்னா ஹைஜீன். பிறகு பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று வரிசையா வந்தன. 'கெமிஸ்தம்' என்று ஒரு புத்தகம், கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டின பெயர். இன்னிக்கும் எல்லா மருத்துவ மாணவரும் சுமக்கிற கிரேஸ் அனாடமி லண்டனில் முதன்முதலா வந்தது 1858ல். அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது 1872ல். இடையில் வெறும் 14 வருஷம். அச்சுக் கோக்கிறவர் ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி அடுக்கிய காலம் அது.

இதை அவர் தனியாகச் செய்யல. டான்போர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் கூட இருந்தாங்க. பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள்னு நினைச்சுடாதீங்க, இவங்க யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் அப்போ இருந்தது. அதனால புத்தக வரலாற்றில் தமிழர்களே அந்நியர் மாதிரி தெரியறாங்க. இந்த இழையில் எனக்கு வருத்தமான இடம் இதுதான்.

இப்ப பிசியாலஜிக்கு வருவோம். கிரீன் 1873ல் உடம்பு முடியாம ஊர் திரும்பிட்டார். ஆனா வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தும் வேலை தொடர்ந்தது. 1883ல் 'மனுஷ சுகரணம்' வந்தது. மூல நூல் ஜான் கால் டால்டன் எழுதின மனித உடலியல் நூல், முதல் பதிப்பு 1859.

யார் இந்த டால்டன்? கிரீன் படிச்ச அதே நியூயார்க் கல்லூரியில் பிசியாலஜி பேராசிரியர். வைத்தியம் பார்ப்பதை விட்டுட்டு பிசியாலஜி ஒன்றையே முழுநேரத் தொழிலாக எடுத்த முதல் அமெரிக்கர்னு இவரைச் சொல்லுவாங்க. அந்த ஆசையை அவருக்கு ஊட்டினது பாரிஸ். அங்கே 1850 வாக்கில் கிளாட் பெர்னார்ட் என்ற மேதையிடம் பாடம் கேட்டார்.

பெர்னார்ட் கண்டுபிடிச்சது என்ன தெரியுமா? சர்க்கரை சாப்பாட்டில் இருந்து மட்டும் ரத்தத்துக்கு வரல, கல்லீரலே சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விடுது என்பதை. 1848ல் இது பெரிய அதிர்ச்சி. அந்தச் சர்க்கரையைக் கல்லீரல் சேமித்து வைக்கிற கிளைக்கோஜனை 1857ல் தனியே பிரிச்சும் காட்டினார்.

தென்காசி பக்கத்து அரசு மருத்துவமனை ஓபியில் நான் வாரம் தவறாம கேட்கிற கேள்வி: "ராத்திரி ஒண்ணுமே திங்கலயே சார், பொறவு எப்படி வெறும் வயித்துல சுகர் ஏறுது?" பதில் பெர்னார்ட் சொன்னதுதான். நீங்க தூங்கும்போது மூளை பட்டினி கிடக்கக் கூடாதுன்னு கல்லீரல் சர்க்கரையை விடுது. சரியான உடம்பில் இன்சுலின் அதைக் கட்டுக்குள்ள வைக்கும். சர்க்கரை நோயில் அந்தக் கட்டு தளர்ந்து போகுது, கல்லீரல் அளவில்லாம திறந்து விடுது. நாம எழுதிக் கொடுக்கிற மெட்பார்மின் முக்கியமா வேலை செய்வது அந்த இடத்தில்தான். இது புரியாம, காலை டெஸ்ட் நல்லா வரணும்னு ராத்திரி பட்டினி கிடந்து, மாத்திரையையும் நிறுத்தி வைக்கிறவங்க நம்ம ஊரில் நிறைய பேர். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்தில் வேலை பார்க்கிற அக்காவுக்கு இதை ஆங்கிலச் சொல் இல்லாம ரெண்டு நிமிஷத்தில் சொல்லணும். எங்க காலேஜில் அதை யாரும் சொல்லித் தரல. மானிப்பாய் மாணவனுக்குப் பாடமே அந்த மொழியில்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? 1870ல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது, ஆங்கிலத்தில். அரசு வேலை ஆங்கிலத்துக்குப் பின்னாடி போனது, மாணவர்களும் போனாங்க. கிரீன் போன பிறகு தமிழ் வழி நிலைக்கல. புத்தகங்கள் மிஞ்சின. அவ்வளவுதான்.

நம்ம காலத்துக்கு வாங்க. எம்.பி.பி.எஸ். முதல் கட்டப் படிப்பு ஒன்றரை வருஷமா இருந்தது, 1997ல் ஒரு வருஷமா குறைஞ்சது. பிசியாலஜியை மூச்சு முட்ட முட்ட ஓடி முடிக்கிறோம். எம்.டி. பிசியாலஜின்னா மூணு வருஷ முதுநிலைப் படிப்பு, ஆனா சேர ஆள் கிடைக்கல. 2023ல் நீட் பி.ஜி. தகுதியை பூஜ்ஜியம் பர்சென்டைல் வரைக்கும் இறக்கினாங்க, ஞாபகம் இருக்கா? காலியா கிடந்த இடங்களில் நிறைய இந்த மாதிரி நோயாளியைத் தொடாத பாடங்கள்தான். "ரேடியாலஜி கிடைக்கலயா, பிசியாலஜி எடு"ன்னு கிண்டல் வேற. ஏ. எஸ். பைண்டல் லக்னோவில் மருத்துவம் படிச்சு, எடின்பரோவில் பிசியாலஜியில் பிஎச்.டி. முடிச்சவர். நுரையீரலில் நீர் கோத்தால் ஏன் மூச்சு வாங்குது என்பதற்கு வழிகாட்டின ஜே-ரிசெப்டாரை அவர்தான் கண்டுபிடிச்சார். அவர் இந்தக் கிண்டலைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். புத்தகங்களை இந்தியில் வெளியிட்டாங்க. மூணு பாடம், அதில் பிசியாலஜியும் ஒண்ணு. பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை அப்படியே இந்தி எழுத்தில் எழுதியிருந்தாங்கன்னு விமர்சனம் வந்தது. கிரீன் வேற பாதை. சமஸ்கிருதம் தூக்கலா இருந்தாலும் சொல்லைக் கட்டிப் பார்த்தார். 'சு' நல்ல, 'கரணம்' செயல் என்று நான் பிரிச்சுப் படிக்கிறேன். உடம்பு ஒழுங்கா வேலை செய்வது. தமிழறிஞர்கள் திருத்தலாம்.

எம்.பி.பி.எஸ்.ஸையே தமிழில் நடத்தணும்னு நான் கேட்கல. இன்னிக்கு வர்ற ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆங்கிலம் இல்லாம முடியாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா எம்.டி. பிசியாலஜி ஆய்வேட்டோடு, நோயாளிக்குப் புரியற தமிழில் 10 பக்கம் எழுதச் சொன்னா என்ன? ஒரு வருஷத்து மாணவர்கள் எழுதினாலே வார்டுக்கு வார்டு வைக்கலாம்.

கிரீன் 1884 மே மாசம் வூஸ்டரில் இறந்தார். மனுஷ சுகரணம் வந்ததுக்கு அடுத்த வருஷம். கல்லறையில் தன்னைத் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று எழுதச் சொல்லியிருந்தார், அப்படியே எழுதியிருக்காங்க.

அவருடைய புத்தகங்கள் சில நூலகம் மின்னூலகத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்க. உங்க தாத்தா வீட்டுப் பரணில் பழைய வைத்திய நூல் ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக் கீழே போடுங்க. 'சுகரணம்'னு இருந்தா எனக்குத் தனியாச் சொல்லுங்க, பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.