புற்றுநோய் தடுப்புப் பணி: ஜமாஅத்துகள் அரசிடம் பெறக்கூடியவை

சேலம், நாமக்கல் ஜமாஅத்துகள் பெண்களுக்குப் புற்றுநோய் பரிசோதனை முகாம் நடத்த விரும்பினால், பணத்தைத் தேடும் முன் ஒன்றை நாம் அறிய வேண்டும். பரிசோதனையே இலவசம். 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். மதரஸாவுக்கே குழுவை அனுப்பும்படி ஜமாஅத் லெட்டர்பேடில் வட்டார மருத்துவ அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பெண் மருத்துவர், பெண் செவிலியர்தான் வேண்டும், மறைவான அறை தருகிறோம் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். கட்டி பெரிதான பிறகும் கூச்சத்தால் வெளியே சொல்லாத சகோதரிகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். மார்க்கம் சொல்லும் வெட்கம் மருத்துவத்துக்குத் தடையல்ல.

தனித் திட்டமாகவே நடத்த நினைக்கும் அறக்கட்டளை, மத்திய அரசு மானியம் கேட்பதற்கு முன் நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதியும் ஒரு வழி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் அதற்கு அனுமதிக்கும் பணிகளில் நோய்த்தடுப்பும் உண்டு. ஆனால் 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவுகள் தேவை. சிறிய ஜமாஅத்துக்கு இது பெரிய அலைச்சல். காசாகக் கேட்பதைவிட சேவையாகக் கேட்பதே எளிது என்பது நம் கருத்து.

நோய் உறுதியானால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் முகாமுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.