ஓம் விகுதியும் ஒரு படி அரிசியும்: மேடைத் தமிழில் வினைமுதல்

1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ஊர் ஊராகக் கொண்டுசென்ற முழக்கம் இது: ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்.’ எதுகை, இயைபு பற்றிப் பேசுவோர் இதில் வினைச்சொல்லே இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. ‘கொடுப்போம்’ என்று ஒரு வினைமுற்று வந்திருந்தால் ‘ப்’ காலத்தைக் காட்டியிருக்கும். ‘ஓம்’ கொடுப்பவரைக் காட்டியிருக்கும். பெயர்ப் பயனிலையில் இரண்டுக்கும் இடமில்லை. வாக்குறுதியின் உறுதி முழுவதையும் இரண்டு பெயர்ச்சொற்களே தாங்குகின்றன. லட்சியம் என்பது விருப்பத்தின் அளவு, நிச்சயம் என்பது உறுதியின் அளவு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஒரே ஓசையில் முடிவதால் ஒரே கோலில் அடுத்தடுத்து உள்ள புள்ளிகளைப் போல ஒலிக்கின்றன. ஆட்சிக்கு வந்தபின் ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வழங்கப்பட்டது. மூன்று படி லட்சியமாகவே நின்றது. முழக்கத்தின் இலக்கணப்படி இதில் வாக்குத் தவறியவர் எவருமில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு வடிவம் தந்தவர் மொழியியலாளர் எம்.ஏ.கே. ஹாலிடே. ஒவ்வொரு தொடரும் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது என்றார் அவர்: நிகழ்வைச் சொல்கிறது, கேட்பவரோடு உறவு கொள்கிறது, செய்தியை முன்பின்னாகக் கோக்கிறது. அவருடைய செயல்பாட்டு இலக்கண அறிமுக நூல் 1985இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1979இல், ‘மொழியும் கட்டுப்பாடும்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொகுப்பில் டோனி ட்ரூ இம்முறையைச் செய்தித்தாள்களுக்குப் பயன்படுத்திவிட்டார். 1975இல் ரொடீசியாவின் சாலிஸ்பரி நகரில் காவல்துறை பதினொரு பேரைச் சுட்டுக்கொன்றது. ஒரு நாளிதழின் தலைப்பு காவல்துறையில் தொடங்கியது. மற்றொன்று, கலவரம் செய்த கறுப்பர்கள் சுடப்பட்டதாகத் தொடங்கி, சுட்டவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. அன்று முதல் அரசியல் மொழியை ஆய்வோர் செயப்பாட்டு வினையைக் கண்டாலே சந்தேகப்படுகிறார்கள். தமிழாய்விலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இங்கே அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு தொழில் நிகழ எட்டுக் கூறுகள் வேண்டும் என்கிறது தொல்காப்பியம்: வினை, செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். ஹாலிடே நிகழ்வு, பங்கேற்பாளர், சூழல் என்று வகுத்ததற்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமான பட்டியல் இது. இரண்டும் ஒன்றே என்று பெருமை பேசுவது மட்டும் மிகை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கையும் அந்நூல் வினையியலில் ஏற்கிறது. உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. மெழுகிய கை எங்கே? சொல்லவில்லை. செயப்பாட்டு வினைக்குரிய ‘படு’ இல்லாமலே வினைமுதல், அதாவது செய்தவர், மறைந்துவிட்டது.

விகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. தன்மைப் பன்மையில் அம், ஆம் இரண்டும் கேட்பவரை உள்ளடக்கும். எம், ஏம் என்பவை அவரை விட்டுவிட்டுப் படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும் என்பது மரபிலக்கணம். பின்னர் வந்த நன்னூல் ‘ஓம்’ விகுதியையும் எம், ஏம் பக்கமே வைத்தது. அதாவது அன்றைய கணக்குப்படி ‘வெல்வோம்’ என்பதில் எதிரே நிற்பவருக்குப் பங்கில்லை. இன்று மற்ற விகுதிகள் வழக்கொழிய, ஓம் மட்டும் தங்கி இரண்டு வேலையும் பார்க்கிறது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு பெயரில் இருக்கிறது, வினையில் இல்லை.

மேடைக்கு இது வசதியாகப் போயிற்று. ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம், 1908இல் வழக்குக்குள்ளான சுப்பிரமணிய சிவாவின் சுதேசிப் பேச்சு, 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்களில் திரு.வி.க.வின் உரை என்று நீளும் பாதையில், கேட்க வந்தவர் கூட்டத்தின் உறுப்பினராகிறார். ‘போராடுவோம்’ என்று பெயரின்றி வினை மட்டும் வந்தால், போராடப்போவது கட்சியா, மைதானத்தில் நிற்பவரா? கைதட்டும் நேரத்தில் எவரும் அதைக் கேட்பதில்லை. பின்னாளில் கலைஞரின் ‘உடன்பிறப்பே’ என்னும் விளி, வினை வருமுன்பே இந்தச் சேர்க்கையை முடித்துவைத்தது.

வெற்றிக்கு ஓம், நெருக்கடிக்கு வேறு இலக்கணம். தமிழில் ஏறு–ஏற்று, திருந்து–திருத்து என்று வினைகள் இணையாக நிற்பதால், எதிர்க்கட்சி ‘விலையை ஏற்றினார்கள்’ என்கிறது, ஆளுங்கட்சி ‘விலை ஏறியது’ என்கிறது. பின்னதில் செயப்பாட்டு வினை இல்லை. ‘படு’வை மட்டும் எண்ணிக் கணக்கெடுக்கும் ஆய்வில் அந்தத் தொடர் குற்றமற்றதாகத் தேறிவிடும். திண்ணை மெழுகியது போல விலையும் ஏறிவிட்டது.

உண்மையில் ‘படு’ எப்போதும் ஆளை மறைப்பதும் இல்லை. ஏதேனும் ஒரு பாலத்தின் திறப்புவிழாக் கல்வெட்டைப் பார்க்கலாம்: ‘மாண்புமிகு அமைச்சர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது’. செயப்பாட்டு வினைதான், ஆனால் ‘ஆல்’ உருபோடு வினைமுதல் பட்டம் பதவியுடன் கல்லில் நிற்கிறார். அதே பாலத்தைப் பற்றிப் பின்னாளில் வரும் அறிக்கை ‘விரிசல் ஏற்பட்டுள்ளது’ என்று சொல்லும். ஏற்படு என்ற வினைக்குச் செய்தவரைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.